அறுபத்திரண்டாம் ஜாடி

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து பிறந்தது. ஒரு நாள் வேலை ஓடாமல், வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து ஒரு படிவம் வரைந்தேன். மேலே ‘விலங்கியல் – மருத்துவக் கூட்டாய்வு நிதி, 1959’ என்று எழுதினேன். கீழே இரண்டு கட்டங்கள். இடது பக்கம்: கடிபட்டவர். வலது பக்கம்: கடித்த பாம்பு. இடதை உடனே நிரப்பிவிட்டேன். வலதை நிரப்ப முடியாமல் மூன்று மாதமாகத் திணறுகிறேன். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டது.

தொடக்கத்தை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். ‘கடல் அன்று அமைதியாக’ என்று ஆரம்பித்து அடித்தேன். கரைவலை இழுக்கிறவனுக்குக் கடல் என்றைக்கு அமைதியாக இருந்தது? ‘தங்கச்சிமடத்தில் வேதநாயகம் என்றொரு இளைஞன்’ என்பதையும் அடித்தேன், பாடப்புத்தக வாடை வந்தது. ஆனால் அவனில்லாமல் கதை நகராது.

2

வேதநாயகத்துக்கு இருபத்தேழு வயது. தங்கச்சிமடத்து மீன்பிடிக் குடும்பம், விலங்கியலில் பட்டம். அவன் படித்த பல்கலைக்கழகம் (பெயர் சொல்ல மாட்டேன், நானே கட்டியது) இரண்டு துறைகள் சேர்ந்து ஆராய்ந்தால் பணம் தருவதாக அறிவித்தது. உடனே விலங்கியல்காரரும் மருத்துவக்காரரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் பத்து வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை.

எடுத்துக்கொண்ட பொருள் கடற்பாம்புக் கடி. பாம்பன் கரையில் ஓட்டுக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு பாதி வேதநாயகத்துக்கு: பிடித்த பாம்புகளை உயிரோடு விட்டுவைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, பார்மலின் ஊற்றிய கண்ணாடி ஜாடிகள். மறுபாதி டாக்டர் ஹமீது சுல்தானுக்கு: இரண்டு கட்டில், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும் சாதனங்கள். டாக்டர் கீழக்கரைக்காரர், நாற்பதைத் தொட்டவர். மதுரையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கை மூடிவிட்டு வந்தவர்.

ஒன்றரை வருஷத்தில் அறுபத்தொரு பாம்புகள் ஜாடிக்குள் போயின. நாலு நோயாளிகள் கட்டிலில் படுத்தார்கள், இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஆனால் பாம்பு வந்தால் ஆள் வரவில்லை, ஆள் வந்தால் பாம்பு வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: மே 31க்குள் கடிபட்டவரும் அவரைக் கடித்த பாம்பும் ஒரு ஜோடியாவது பதிவாக வேண்டும், பாம்பு ஜாடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிதி நிற்கும், கட்டில்கள் திரும்பப் போகும்.

ஜோடி ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு வழக்கம் காரணம். கடித்த பாம்பைக் கொல்லக் கூடாது. கடிபட்டவன் எழுந்து நடக்கும்வரை அதைக் கடல் தண்ணீர்ப் பானையில் உயிரோடு காக்க வேண்டும். அது செத்தால் இவனும் செத்தான். நடந்துவிட்டால் அவன் கையாலேயே கடலில் விட வேண்டும்.

(அந்தக் கரையில் அப்படியொரு வழக்கம் உண்டா என்று யாரும் விசாரிக்கப் போகவேண்டாம். கதைக்காக நான் கட்டியது. ஆனால் வேதநாயகம் அதை நம்புகிற வீட்டில் பிறந்தவன். பட்டம் வாங்கியபின் நம்புவதில்லை என்று சொல்லிக்கொள்கிறவன்.)

3

மே இருபத்தாறு, காலை எட்டு மணி. நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்துகொண்டு வந்தார்கள். கட்டிலில் கில்பர்ட், வேதநாயகத்தின் பெரியப்பா மகன். பின்னால் அவன் மனைவி லூர்து மேரி, இடுப்பில் பானை, பானை வாயில் இறுகக் கட்டிய வலைத்துண்டு.

“எங்கன கடிச்சுது?” என்று கேட்டார் டாக்டர்.

“குதிகாலுக்கு மேல. வலையத் தட்டும்போது.”

“பாம்பு?”

“இந்தா இருக்குல்ல,” என்று பானையைக் காட்டினாள் லூர்து மேரி.

வேதநாயகம் குனிந்து பார்த்தான். மூன்றடி நீளம், துடுப்பு வால், வாலில் சின்னதாக ஒரு வெட்டு. வலைக்கடியன் என்கிற வகை. உயிரோடு இருந்தது. ஜோடி கிடைத்துவிட்டது என்று அவன் மனம் துள்ளியது. கட்டிலில் கிடப்பது அண்ணன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வரிசையை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“மதினி, பானைய எங்கிட்டக் குடுங்க.”

“குடுக்க மாட்டேன் தம்பி. உங்கண்ணன் எந்திரிச்சு நடக்கட்டும்.”

கில்பர்ட்டுக்கு அதற்குள் தாடை இறுகிவிட்டது. பல்லிடுக்கால் பேசினான். “ஏலே வேதம். அது உசுரோட இருக்கா?”

“இருக்குண்ணே.”

4

முற்பகலில் கில்பர்ட்டுக்கு உடம்பு முழுக்க முறுக்கியெடுத்தது. விரலைத் தொட்டாலே கத்தினான். பதினோரு மணிக்குச் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. டாக்டர் இரண்டாவது குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணுக்கு நிக்காமப் போகணும். போச்சுன்னா பொழைச்சுக்குவார், இன்ஷா அல்லாஹ்,” என்றார். “பயம் வந்து நெஞ்சு படபடத்தாத்தான் வம்பு. அவர ஒண்ணும் கலங்க விடாதீங்க.”

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கில்பர்ட் அதையே கேட்டான். உசுரோட இருக்கா. ஒவ்வொரு தடவையும் லூர்து மேரி வலைத்துண்டை விலக்கிப் பார்த்து, இருக்கு என்றாள்.

பன்னிரண்டரைக்கு அவள் பானைக்குப் புதுத் தண்ணீர் மொண்டுவரக் கடலுக்குப் போனாள். வேதநாயகம் பானைக்குள் எட்டிப் பார்த்தான். பாம்பு வயிற்றைக் காட்டி மிதந்தது. குச்சியால் தொட்டான். அசையவில்லை.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. “ஏலே, உசுரோட…”

வேதநாயகம் தொட்டிக்குப் போனான். இடுக்கியால் ஒரு வலைக்கடியனைக் கழுத்தோடு பிடித்துப் பானையில் விட்டான். செத்ததை எடுத்துப் பார்மலினில் போட்டு, அறுபத்திரண்டு என்று சீட்டு ஒட்டினான். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் முகத்தருகே வந்து சாய்த்துக் காட்டினான்.

“பாருங்கண்ணே. எப்படி நெளியுது பாருங்க.”

கில்பர்ட் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு கொஞ்சம் சீரானது.

(இந்த இடத்தில் வேதநாயகத்தை நான் சந்தேகிக்கிறேன். ஜாடிக்காகச் செய்தானா, அண்ணனுக்காகச் செய்தானா? ஒரு பிரதியில் ஜாடிக்காக என்று எழுதினேன், அயோக்கியனாகிவிட்டான். இன்னொரு பிரதியில் அண்ணனுக்காக என்று எழுதினேன், மாதா கோயில் சுரூபம் ஆகிவிட்டான். இரண்டையும் கிழித்தேன். கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது.)

5

கில்பர்ட் மறுநாள் மத்தியானத்தைத் தாண்டினான். முப்பதாம் தேதி சுவரைப் பிடித்து நடந்தான். அன்று சாயங்காலமே தண்ணீரில் இறங்கி, பானையை இரண்டு கையாலும் கவிழ்த்தான்.

“போ. உனக்கும் எனக்கும் தீந்துச்சு,” என்றான்.

பிழைக்க வைத்தது நான்கு நாள் விடாமல் ஏற்றிய மருந்துதான். அந்த மருந்து நிதிப் பணத்தில் வாங்கியது. அது இல்லாமல் போயிருந்தால் அண்ணனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று வேதநாயகத்துக்குத் தெரியும்.

டாக்டரிடம் அறுபத்திரண்டாம் ஜாடியைக் காட்டி, நடந்ததைச் சொல்லியிருந்தான். அவர் சிரித்துவிட்டுப் படிவத்தின் இடது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். “ஒங்க கட்டம் மட்டுந்தான் பாக்கி. நாளைக்குத் தபால்ல போயிரணும்.”

முப்பத்தோராம் தேதி காலை லூர்து மேரி பானையைக் கழுவிக் கவிழ்க்க வந்தாள். மனது கேட்காமல் வேதநாயகம் சொல்லிவிட்டான்.

“மதினி, அந்தப் பாம்பு அன்னைக்கு மத்தியானமே செத்துப்போச்சு. நான்தான் தொட்டியிலேருந்து வேற ஒண்ணப் போட்டேன்.”

“தெரியும். வால்ல வெட்டு இல்லாததப் பாத்தேன். நீ செஞ்சது நல்லதுன்னு பேசாம இருந்துட்டேன்.” பானையைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். “ஆனா அது அவரக் கடிச்ச பாம்புன்னு யாரு சொன்னா?”

அவன் பானையைப் பிடித்து நிறுத்தினான்.

“கடிச்சதும் அவருதான வலியில அத மிதிச்சாரு. கரையிலயே முதுகு ஒடிஞ்சு செத்துப்போச்சு. அவரு மயங்கிக் கெடந்தாரு, பாக்கல. அதே வலையில இன்னும் ஏழு கெடந்துச்சு. அதுல ஒண்ண எடுத்துப் பானையில போட்டேன். கரையில அம்புட்டுப் பேருக்கும் தெரியும், அவரயும் உன்னயும் தவிர.”

“மதினி, கடிச்சது எங்க?”

“கடல்ல தூக்கி எறிஞ்சுட்டோம்.”

“அதுவும் இதே மாதிரிதான் இருந்துச்சா? மூக்கு, செதிலு…”

“பாம்பு பாம்புதான தம்பி. அந்த நேரத்துல யாரு மூக்கப் பாத்தா?”

அவன் அலமாரியைப் பார்த்தான். அங்கே நாலு வகைப் பாம்புகள் அறுபத்திரண்டு ஜாடிகளில் சுருண்டு கிடந்தன.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

கையெழுத்துப் போடுகிறான். நிதி நீடிக்கிறது, இன்னும் நூறு கில்பர்ட்டுகள் பிழைக்கிறார்கள். ஒரு நாள் யாரோ அந்தப் பொய்யை நம்பி, வேறு பாம்பின் விஷத்துக்கு மருந்து…

கையெழுத்துப் போடவில்லை. கட்டில்கள் லாரியில் ஏறுகின்றன. அடுத்த வாரமே கடிபட்ட ஒருவனை நாலு பேர் சுமந்து வந்து பூட்டிய கொட்டகை முன்னால்…

உண்மையை விளக்கி ஒரு கடிதம் எழுதுகிறான். பல்கலைக்கழகம் அதைப் படித்து (இதை முடிக்கவே இல்லை. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பிரதியில் கில்பர்ட் செத்துப்போனான், நாலாம் பகுதியில், பன்னிரண்டரை மணிக்கு. எனக்குத் தாங்கவில்லை. செத்தவனை எடுத்துவிட்டு உயிருள்ளவனைப் பானையில் போட்டு உங்கள் முகத்தருகே சாய்த்துக் காட்டினேன். நீங்களும் மூச்சு விட்டீர்கள். ஆகவே வேதநாயகத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

படிவம் மேசைமேல் இருக்கிறது. தபால் கட்ட இன்னும் அரை மணி. வேதநாயகம் பேனா மூடியைக் கழற்றிவிட்டான். அப்போது வாசலிலிருந்து டாக்டர் குரல் கொடுக்கிறார்.

“வேதம், அக்காமடத்துலேருந்து வண்டி வருது. கட்டிலத் தட்டி விரிங்க.”

மாட்டுவண்டி நிற்கிறது. ஒரு பெண் இறங்குகிறாள். அவள் இடுப்பில் வலைத்துண்டு கட்டிய பானை இருக்கிறது.

அவன் பேனாவைப் படிவத்தின்மேல் வைத்துவிட்டு ஓடுகிறான். மூடிவைக்கவில்லை. மை காய்வதற்குள் நீங்கள் எழுதிவிடலாம்.