பிஸ்கட் டின்னுக்குள் ஒரு ஜப்பான் கார்

நூருன்னிஸா கேக் செய்து விற்கிறவள். அவள் அடுக்களையில் ஃபொயில் பேப்பர் மட்டும் தங்குவதே இல்லை. வாங்கி வைத்த சுருள் வாரம் முடிவதற்குள் பாதியாகிவிடும். எலிதான் இழுத்துக்கொண்டு போகிறது என்று அவள் மூலை முடுக்கெல்லாம் தேடியது ஆரம்பத்தில்தான். பிறகு கண்டுபிடித்துவிட்டாள். எலிக்குப் பெயர் ஜைனுதீன், அவளைக் கட்டிய புருஷன்.

ஜைனுதீன் மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம் செய்பவர். வாகன விலை வீட்டு விலையாகிப் போன இந்தக் காலத்தில் ஆசைப்பட்டு ஒரு ஜப்பான் கார் வாங்கினார். சாவியை எங்கும் போட்டுத் திருக வேண்டியதில்லை. சட்டைப்பையில் இருந்தால் போதும், கதவு திறக்கும், பட்டனை அமுக்கினால் ஓடும். முதல் மாதம் முழுக்க அந்த வித்தையை ஊருக்கெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்டார். இரண்டாம் மாதம் யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அதில் ஒருத்தன் ஒரு வீட்டு வாசலில் பையோடு நிற்கிறான். வீட்டுக்குள்ளே மேசையில் கிடக்கும் சாவியின் சிக்னலை அந்தப் பை பிடித்து, கார்ப்பக்கம் நிற்கிற கூட்டாளிக்குக் கடத்துகிறது. சாவி பக்கத்தில்தான் இருக்கிறதென்று நம்பிய கார், விருந்தாளிக்குத் திறக்கிற மாதிரி கதவைத் திறந்துவிடுகிறது. கண்ணாடி உடையவில்லை, சத்தம் கித்தம் ஒன்றுமில்லை.

அன்றைக்குப் போனது அவர் நிம்மதி. சாவியை ஃபொயிலில் சுற்றி பால்மா டின்னுக்குள் போட்டு மூடினார். தகரத்தைத் தாண்டி சிக்னல் போகாதாம். மாற்றுச் சாவி இரட்டை ஃபொயிலில் அலுமாரிக்குள் போனது. ஸ்டியரிங்குக்கு ஒரு மஞ்சள் இரும்புத்தடி வந்தது. தொட்டால் அலறுகிற அலாரம் வந்தது. அது காகம் உட்கார்ந்தாலும் அலறியது, பூனை தாண்டினாலும் அலறியது. தெருவில் இப்போது யாரும் அதற்குத் தலையைத் திருப்புவதுகூட இல்லை. கார் எங்கே நிற்கிறதென்று போனில் காட்டுகிற ட்ரெக்கர் ஒன்றும் வந்தது. கடைசியாக, எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்து ஒரு ரகசிய சுவிட்ச் போட்டார். அதை அமுக்காமல் எவன் வந்தாலும் எஞ்சின் எழும்பாது.

“அந்த சுவிட்ச் எங்கங்க இருக்கு?” என்று நூருன்னிஸா கேட்டாள்.

“அது ரகசியம். பொம்பளைங்க வாயில ரகசியம் நிக்காது.”

மறுநாள் மீன்காரன் நிஸ்தார் சைக்கிளை கேட்டில் சாத்திவிட்டு, சாளை மீனை நிறுத்துக்கொண்டே சொன்னான்: “ராத்தா, நம்ம ஜைனுதீன் நானா நல்ல வேலை பாத்திருக்காரு. சாம்பல் தட்டைத் தூக்கினா அதுக்குக் கீழ சுவிட்ச். எந்தக் கள்ளனுக்குத் தெரியப் போவுது? ட்ரெக்கரும் பாத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழ கறுப்புக் கட்டையாட்டம் சொருகி வச்சிருக்காரு.”

கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும்தான் ரகசியம். நூருன்னிஸாவுக்கு எரிந்தது. ஆனால் எதையும் காட்டிக்கொள்ளாமல் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுக்கு எரிவதற்கு வேறு காரணமும் இருந்தது. லைசன்ஸ் எடுத்து வருஷக்கணக்காகிறது. அது அலுமாரியில் புதுசாகவே கிடக்கிறது. கேட்டால் “ரோட்ல நெரிசல் குறையட்டும்” என்பார் ஜைனுதீன். நெரிசல் என்றைக்குக் குறைந்தது? போன நோன்புப் பெருநாளைக்குப் பிறகு நாலந்தாவில் ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் ஒன்றை த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பலாபத்வலையைத் தாண்டவில்லை, ஒரு பஸ் குறுக்கே வந்தது. த்ரீவீல்காரன் ப்ரேக் பிடித்ததும் மேலடுக்கு வழுக்கி அவள் அபாயாவில் விழுந்தது. இரண்டு நாள் குந்தியிருந்து பிடித்த சீனிப் பூக்களெல்லாம் காலடியில். ரோட்டோரத்தில் அந்த த்ரீவீலுக்குள்ளேயே உட்கார்ந்து அவள் அழுதாள். அப்போது ஜப்பான் கார் கடை வாசலில் இரும்புத்தடி மாட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றது.

அந்த நாலந்தாக் கதை பரவியதிலிருந்து கல்யாணக் கேக் கேட்டு யாரும் வரவில்லை. துணிந்து வந்தது பக்கத்து வீட்டு தெரேசாக்கா மட்டும்தான். அவர் மகள் ஜெனிஸ்டாவுக்கு ரத்தொட்டை சர்ச்சில் மாதக் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். கேக்கை முந்தின நாள் வெள்ளிக்கிழமையே மண்டபத்தில் சேர்த்துவிட வேண்டும். இதுவும் விழுந்தால் நூருன்னிஸா கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

“கார்ல கொண்டு போய்டலாமே முதலாளி. நூருன்னிஸாதான் ஓட்டுமே” என்றார் தெரேசா, ஜைனுதீன் இருக்கும்போதே.

“ரத்தொட்டைக்கா? மண்டப வாசல்ல நிப்பாட்டிட்டு கேக்கைத் தூக்கிட்டுப் போவா. திரும்பி வந்து பாத்தா காரு ரிவர்ஸ்டன் மலை ஏறியிருக்கும். இவளுக்குக் காரைப் பாதுகாக்கத் தெரியாதுங்க.”

“நீங்க பாதுகாக்கிற காரை ஒருத்தரும் எடுக்க ஏலாதா?” என்றாள் நூருன்னிஸா.

“யாராலயும் ஏலாது.”

“நான் எடுத்தா?”

ஜைனுதீன் விழுந்து விழுந்து சிரித்தார். “நீ எடுத்தா, மாத்துச் சாவி ஒனக்குத்தான். தெரேசாக்கா சாட்சி.”

தெரேசா தலையை ஆட்டினார். நூருன்னிஸா அந்தத் தலையாட்டலைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டாள்.

வழி எது என்று அவளுக்குத் தெரியாது. வழியை ஜைனுதீனே சோற்றோடு பிசைந்து கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிவாசலுக்கு முன்னால் ரோடு ஒடுக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருகிற வாகனங்கள் ஒன்றை ஒன்று அடைத்துக்கொண்டு மூன்று வரிசையில் நிற்கும். நடுவில் ஒரு பஸ்ஸோ அம்புலன்ஸோ வந்தால் யார் நகர்த்துவது? தொழுகையில் நிற்கிறவர்களை எழுப்ப முடியுமா? அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிந்தி வந்து வெளிவரிசையில் நிறுத்துகிறவர்கள் சாவியை எதிர்க்கடை கிறிஸ்தோபரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கிறிஸ்தோபருக்கு ஃபோட்டோகொப்பிக் கடை, ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச். அவர் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். வெளிவரிசைச் சாவியெல்லாம் அதற்குள்.

ஜைனுதீன் கடையைச் சாத்திவிட்டு எப்போதும் பிந்தித்தான் போவார். ஆகவே எப்போதும் வெளிவரிசை. ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“சாவியக் குடுக்க முதல்ல எனக்கு மனசே இல்ல. பொறகு அந்த டின்னைத் தட்டிப் பாத்தேன். சுத்தத் தகரம். மூடியும் இறுக்கம். எத்தன பேரு பையத் தூக்கிட்டு வந்தாலும் உள்ளயிருந்து சிக்னல் ஒரு சொட்டு வெளிய வராது.”

நூருன்னிஸா கறிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். சிக்னல் வெளியே வராது, சரி. கை உள்ளே போகாதா? அந்தக் கொத்தில்தானே இரும்புத்தடிச் சாவியும் தொங்குகிறது? இந்த மனிசர் தகரத்தைத் தட்டிப் பார்த்தாரே, மூடியைத் திறந்து பார்க்கவில்லையே. “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேக் தயார். வெள்ளை ஐசிங், மூன்றடுக்கு, உச்சியில் இளஞ்சிவப்புப் பூக்கொத்து. பாங்கு சொல்லி குத்பாப் பிரசங்கமும் தொடங்கிய நேரம் பார்த்து நூருன்னிஸா தெரேசாவைக் கூட்டிக்கொண்டு பள்ளித் தெருவுக்கு நடந்தாள். தெருவில் கடைகளெல்லாம் பாதிக் கதவு சாத்தியிருந்தன. ஃபோட்டோகொப்பிக் கடை மட்டும் திறந்திருந்தது. மேசையில் பிஸ்கட் டின். ஆளைக் காணோம்.

“கடையில யாரு?” என்று கூப்பிட்டாள் நூருன்னிஸா.

திரைக்குப் பின்னாலிருந்து வாய் நிறையச் சோற்றோடு கிறிஸ்தோபரின் குரல் வந்தது. “சாவிதானே? டின்னு மேசையில இருக்கு, எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தால், அவசரக்காரி தெரேசா அதற்குள் கார் கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். அலாரம் தெருவே அதிர அலறியது. தெரேசா ஜெபமாலையைத் தேடினார். பள்ளிக்குள் கேட்காமலா இருக்கும்? நூருன்னிஸா சாவிப் பட்டனை அமுக்கி அதன் வாயை அடைத்துவிட்டுப் பள்ளி வாசலையே பார்த்தாள். ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. எதிரே பழம் விற்கிற ஆள் ஈயை விரட்டிக்கொண்டே சொன்னார்: “அது ஜைனுதீன் நானாட வண்டிதான். காக்கா உட்கார்ந்திருக்கும்.”

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மஞ்சள் தடியைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து கறுப்புக் கட்டையைப் பிடுங்கினாள். ஓடிப்போய் அதை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடியை இறுக்கினாள். புருஷன் சொல்லிக் கொடுத்த பாடம் வீணாகக் கூடாது, பாருங்கள். சாம்பல் தட்டைத் தூக்கினாள். நிஸ்தார் பொய் சொல்லவில்லை. எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி எழும்பியது.

வீட்டில் கேக்கை ஏற்றினார்கள். தெரேசா பின்சீட்டில் அதைக் கைக்குழந்தையாய் அணைத்துக்கொண்டார். ரத்தொட்டை ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். நூருன்னிஸா பிஸ்மி சொல்லித்தான் புறப்பட்டிருந்தாள். பிறகு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மலைக்காற்று முகத்தில் அடித்தது. ஸ்டியரிங் அவள் கையில், கார் அவள் சொன்னபடி. இத்தனை வருஷம் இதையா நெரிசல் குறையட்டும் என்று பூட்டி வைத்தார் என்று கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. மண்டபத்தில் மூன்றடுக்கும் ஒரு பூ உதிராமல் மேசை ஏறின. தெரேசா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அலங்கார வேலைக்காக அங்கேயே நின்றுவிட்டார். அவள் தனியாகத் திரும்பினாள்.

பள்ளித் தெருவில் தொழுகை முடிந்து நேரமாகியும் கூட்டம் கலையவில்லை. எல்லோரும் ஃபோட்டோகொப்பிக் கடைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால், பின்னால் மெதுவாக வந்து நின்ற காரை ஒருவரும் கவனிக்கவில்லை. நூருன்னிஸா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

கூட்டத்தின் நடுவில் ஜைனுதீன் பேயறைந்த மாதிரி நின்றார். கையில் போன். “இந்தா, இங்கதான் நிக்குதுன்னு காட்டுது. இந்த எடத்துலயேதான் நிக்குதாம்” என்று வெறும் ரோட்டைக் காட்டினார்.

“அலாரம் அடிச்சிச்சே நானா, கேக்கலியா?”

“கேட்டிச்சி. காக்கான்னு நெனச்சேன்.”

பள்ளிவாசல் முன்னால் வாகனங்களை ஒழுங்குபடுத்துகிற முஸம்மில் அவர் தோளைத் தட்டினார். “பயப்பட வேணாம் நானா. சாம்பல் தட்டுக்குக் கீழ உள்ள சுவிட்ச் கள்ளனுக்கு எங்க தெரியும்?”

ஜைனுதீன் அவரை ஒருமாதிரிப் பார்த்தார். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே காட்டினீங்க.”

“எனக்கும் காட்டினாரு” என்றது ஒரு குரல். “ட்ரெக்கரு ஸ்டியரிங்குக்குக் கீழ.” “மாத்துச் சாவி அலுமாரியில, மடிச்ச சாரத்துக்கு அடியில.” ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல ஜைனுதீன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் கிறிஸ்தோபர் ஒரு கறுப்புக் கட்டையைத் தூக்கிப் பிடித்தார். “எல்லாரும் சாவி எடுத்தாச்சி, இது மட்டும் டின்னுக்கு அடியில மிச்சம். யாருடையது?”

“பொலிசுக்குப் போவோம்” என்றார் ஒருவர்.

“போனா சாவி எங்க இருந்திச்சின்னு கேப்பாங்களே” என்றார் முஸம்மில்.

ஜைனுதீன் போனையும் வெறும் ரோட்டையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டதும் நூருன்னிஸாவுக்குப் பாவமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ரசிக்கலாம் என்றுதான் இருந்தாள், முடியவில்லை. ஹோர்னை மெதுவாகத் தட்டினாள்.

கூட்டம் திரும்பியது. ஜைனுதீன் காரைப் பார்த்தார், பிறகு காருக்குள்ளே பார்த்தார். முகத்தில் உயிர் வந்தது, உடனே வெட்கமும் வந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வியாபாரி மூளை சும்மா இருக்குமா?

“நாந்தான் அனுப்பினேன்” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “நம்ம ஏற்பாடு எப்படின்னு பாக்க ஒரு சோதனை.”

நூருன்னிஸா கண்ணாடியை முழுவதும் இறக்கி, முக்காட்டைச் சரிசெய்தாள். “ஆமா, இவங்கதான் அனுப்பினாங்க. நான் எடுத்துட்டா மாத்துச் சாவி எனக்குத்தான்னும் சொன்னாங்க. இல்லியாங்க?”

ஜைனுதீன் கூட்டத்தைப் பார்த்தார். பள்ளி வாசலைப் பார்த்தார். “ஆமா” என்றார்.

அன்றைக்குப் பின்னேரமே பிஸ்கட் டின் கிறிஸ்தோபரின் பூட்டுப் போட்ட மேசை லாச்சிக்குள் போனது. ஆளைப் பார்த்துத்தான் சாவி என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை வேறிடத்துக்கு மாற்றினார். அவர் போனதும் ஜைனுதீன் நூருன்னிஸாவைக் காருக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குனிந்து, விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அலுமாரியிலிருந்து இரட்டை ஃபொயில் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். ஃபொயிலை அவள் பிரித்து, நீவி, மடித்து அடுக்களைக்கு எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை நிஸ்தார் வந்தான். மீனை நிறுத்தான், கழுவினான், போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“ராத்தா, புது சுவிட்ச் எங்க? ரெண்டு நாளாக் கேக்கிறேன், நானா வாயே தொறக்கிறாரில்ல.”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் நூருன்னிஸா. “பொம்பளைங்க வாயில ரகசியம் நிக்காதுன்னு எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல.”

மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காரை வெளியே எடுத்தாள். பலாபத்வலையில் ஒரு கேக் கொடுக்க வேண்டியிருந்தது.