ரம்பம் போடுகிறவர்

பெயின்ட் கடை விற்பனையாளர் பேசும்போது கேட்பவருக்குச் சலிப்புத் தட்டினால், பக்கத்தில் இருக்கும் பொருள் இரண்டாக அறுபட்டு விழும். முதலில் போனது கடையின் மர ஏணி. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளர் ஒரு கொட்டாவி விட்டார். ஏணி நடுவில் கச்சிதமாகப் பிளந்தது, தரையில் மரத்தூள்கூடக் கிடந்தது. மற்ற ஊர்களில் வளவளவென்று பேசுகிறவனை ரம்பம் என்பது ஒரு பேச்சுக்கு. அந்தத் தெருவில் அது வெறும் தகவல்.

மகளின் கல்யாண விருந்தில் சம்பந்தியிடம் பிரைமரைப் பற்றி ஆரம்பித்தார். மேஜை அறுபட்டு, பரிமாறியதெல்லாம் சம்பந்தியின் மடியில் சரிந்தது. "அப்பா, இன்னிக்காவது ரம்பம் போடாம இருக்கக் கூடாதா?" என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள். அன்று மூடிய வாய்தான். அதன்பின் வருஷக்கணக்கில் தலையாட்டியே பெயின்ட் விற்றார், விற்பனைக்குக் குறைவில்லை. வீட்டில் மனைவிதான் சுவரோடு பேச வேண்டியதாயிற்று. மகள் ஃபோன் செய்தால் ‘ம்’ என்பார், அவ்வளவுதான்.

நிறைமாதமாக இருந்த மகள் ஒரு மதியம் தன் அடுக்குமாடியின் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். வலி எடுத்துவிட்டது. மெக்கானிக் எங்கோ நெரிசலில் நின்றிருந்தார். கம்பியால் நெம்பிப் பார்த்துத் தோற்ற மாப்பிள்ளை, மாமனாருக்கு ஃபோன் போட்டார். "மாமா, உடனே வாங்க. வந்து... பேசுங்க."

அவர் வந்தபோது மாப்பிள்ளை மெக்கானிக்கைத் தேடிக் கீழே ஓடியிருந்தார். இரும்புக் கதவில் வாயை வைத்து, சுவரை உப்புத்தாளால் தேய்ப்பதிலிருந்து தொடங்கினார். முதல் பூச்சு, காயும் நேரம், ஈரச்சுவரின் குணம் என்று நீட்டி முழக்கினார். கதவில் கீறல்கூட விழவில்லை. உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: "நிறுத்தாதீங்கப்பா. எனக்கு அலுக்கவே இல்ல."

ஆனால் கதவு திறக்க வேண்டுமே. மூச்சிரைக்கத் திரும்பி வந்த மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீங்க கேளுங்க மாப்ள. உங்களுக்குத்தான் சொல்றேன்." டர்பன்டைனுக்கும் தின்னருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள், மனைவியை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் வாய் பிளந்து கொட்டாவி விட்டார். கதவு மேலிருந்து கீழ்வரை கிர்ரென்று அறுபட்டது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகே குழந்தை பிறந்தது. பெண். "அப்புறம் சொல்லுங்கப்பா" என்றாள் மகள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அவர் தெருக்காரர்தான், சற்று நேரம் நின்று கேட்டார். பிறகு வெளியே போய், நாலைந்து செங்கல் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில், நடுவே முட்டுக் கொடுத்தார்.