அணிலுக்குச் சிரிப்பு வரவில்லை

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் குறும்புக்கார அணிலுக்குக் குரல் கொடுப்பவள் சிட்டு. அது செல்லப்பெயர்தான், ஆனால் சொந்தப்பெயர் அவள் வீட்டுக்கே மறந்துவிட்டது. ஜன்னலே இல்லாத ஒலிப்பதிவு அறையில், மைக் முன்னால்தான் அவளுடைய பகல் முழுக்கக் கழியும். அந்த அணில் சிரித்தால் அடம்பிடிக்கிற பிள்ளையும் சிரித்துவிடும்.

சில மாதங்களாக அந்தச் சிரிப்பு வரவில்லை. அதோடு, யார் என்ன சொன்னாலும் சுருக்கென்று தைத்தது. ஒலிப்பதிவாளர் "இன்னொரு டேக் போலாமா?" என்றால், வேறு ஆள் தேடுகிறாரோ என்று பயம். புருஷன் பேசாமல் பேப்பர் படித்தால், தன்மேல்தான் கோபம் என்று முடிவு கட்டினாள். உடம்பிலும் தெம்பில்லை. பாதம் அடிக்கடி மரத்துப்போனது.

வீட்டுக்கு வந்த நாத்தனார், "என்ன அண்ணி, இளைச்சுட்டீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். சிட்டு பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"ஐயோ, நான் என்ன சொல்லிட்டேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல. எல்லாரும் என்னைத் திட்டுற மாதிரியே இருக்கு."

நாத்தனார் விடவில்லை. கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையில் பி12, வைட்டமின் டி இரண்டுமே அதலபாதாளத்தில் இருந்தன.

"மனசு சரியில்லாம போக ஆயிரம் காரணம் இருக்கும்மா. இதுவும் ஒண்ணா இருக்கலாம்," என்றார் டாக்டர். "முதல்ல இதை ஏத்துவோம். அப்புறமும் பாரமா இருந்தா மறைக்காம வந்து சொல்லுங்க."

வெளியே வந்ததும் சிட்டுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நான் அழுத அழுகையெல்லாம் வெறும் வைட்டமினா?"

"அழுகைக்கு ஒண்ணும் மரியாதை குறையாது அண்ணி. ஊசியைப் போட்டுக்குங்க."

ஊசி, மாத்திரை, மதிய இடைவேளையில் வெயிலில் நடை. முதலில் பாதத்துக்கு உணர்வு வந்தது. பிறகு தூக்கம் வந்தது. ஒருநாள் "இன்னொரு டேக்" என்று ஒலிப்பதிவாளர் சொன்னபோது, அது வெறும் இன்னொரு டேக்காக மட்டுமே காதில் விழுந்தது. அட, இவ்வளவுதானா! சிட்டுவுக்கு உடம்பே லேசானது.

அன்றைய காட்சியில் அணில் கிளை வழுக்கிச் சேற்றில் விழுந்து, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து புறப்பட்ட சிரிப்பு நிற்கவே இல்லை.

"போதும்மா! திரையில அணில் வாயை மூடி ரொம்ப நேரமாச்சு!" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்திய ஒலிப்பதிவாளர், தானும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. படம் வரைகிறவர்களைக் கூப்பிட்டு, அணிலை இன்னும் கொஞ்சம் சிரிக்கவைக்கச் சொல்லிவிட்டார்கள்.