தங்கையின் ஓரக்குறிப்புகள்

என் தங்கை இறந்து எழுபது நாள் கழித்து, அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாளோ என்று ஒருவன் சாப்பிடாமல் கிடந்தான். அதற்குக் காரணம் நான்தான்.

இணையத்தில் மக்களுக்கு உள்ள உரிமைகளுக்காகப் பாடுபடும் ஒரு குழுவில் அவள் இருந்தாள். கொடி, கோஷம் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் செய்ததெல்லாம் பெரும்பாலும் படிப்பதுதான். நாமெல்லாம் பார்க்காமலே 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போகிற நிபந்தனைகளை அவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கூட்டாகப் படித்தார்கள். தீர்ப்புகளையும், தெருவில் கேமரா வைக்கப் போடும் ஒப்பந்தங்களையும் அப்படியே. ஒரே கோப்பை அவரவர் வீட்டில் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில் குறிப்பெழுதுவார்கள். யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒரு சிறு புள்ளி காட்டும். ஆளுக்கொரு நிறம். அவளுடையது பச்சை.

"நாப்பத்தோரு பக்கத்தையுமா படிச்ச? உனக்கு வேற பொழப்பே இல்லையாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ டாக்டருங்க கிறுக்கறதையெல்லாம் படிக்கறியே, அதை விடவா?" என்றாள். எனக்கு மருந்துக்கடையில் வேலை.

காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு தாளை என் கையில் திணித்தாள். ஒன்றோடொன்று ஒட்டாத ஆறு சொற்கள்; அவள் மடிக்கணினியின் கடவுச்சொல். குழுவில் இருப்பவர்கள் வெளியாள் ஒருவரிடம் இப்படிக் கொடுத்துவைப்பது வழக்கமாம். கீழே எழுதியிருந்தாள்: 'முதலில் எங்கள் குழு வக்கீலைக் கூப்பிடு. அப்புறம் திற.'

நான் கூப்பிடவில்லை. துக்கம் விசாரிக்கும் குரல்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை. கடைத்தெருவில் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தேன். "பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சரியாயிடுச்சான்னு திறந்து பாக்கணும்ல" என்றார். அவருடைய ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஆறு சொற்களையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தேன்.

மதியம் கடை மூடியிருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் அவள் அறையில் உட்கார்ந்து, அவள் கடைசியாகத் திறந்து வைத்திருந்த கோப்பைப் படிக்க ஆரம்பித்தேன். வீட்டுவேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம், தன்னிடம் பதிந்த பெண்களின் போனில் ஏற்றச் சொன்ன செயலியின் நிபந்தனைகள் அவை. 'இருப்பிடத் தகவல், சேவையை மேம்படுத்தப் பயன்படும்' என்ற வரிக்கு எதிரே என் தங்கை எழுதியிருந்தாள்: 'குளிக்கப் போனாலும் எங்களுக்குத் தெரியும்னு நேராச் சொல்லித் தொலையேன்.' இன்னோர் இடத்தில்: 'இங்கே மூச்சு வாங்கிக்கொள்ளவும். அடுத்த பத்தி மலைப்பாதை.' சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

சில பக்கங்களில் சிரிப்பு இல்லை. மூன்று பெண்கள் அவளை நம்பிச் சொன்னவை அங்கே இருந்தன. பிள்ளையைப் பள்ளியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த இருபது நிமிடத்துக்காக ஒருத்தியை வேலையை விட்டே நிறுத்தியிருந்தார்கள். பெயர்கள் இல்லை. ஆனால் எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, என்ன கிழமை, எல்லாம் இருந்தது. அந்த நிறுவனத்துக்காரர்கள் படித்தால் ஐந்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தீர்ந்துவிடக் கூடாதென்று நாளுக்கு ஐந்தாறு பக்கம்தான் படித்தேன். நான்காம் நாள் ஒரு நீலப் புள்ளி வந்து, அவள் பெயரில் நான் ஓட்டிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளிக்கு அருகே நின்றது. பக்கத்தைத் தள்ளினேன். அதுவும் வந்தது. யாரோ என் தோளுக்குப் பின்னால் குனிந்து நிற்பதுபோலப் பிடரி கூசியது. ஓரத்தில் ஓர் எழுத்தாக முளைத்தது: 'நீயா?'

உடனே மடிக்கணினியை மூடியிருக்க வேண்டும். 'ஆமாம்' என்று எழுதினேன்.

பாங்கில், போன் கம்பெனியில், அவள் வேலை பார்த்த இடத்தில் என்று எழுபது நாளாக எல்லோரிடமும் 'அவள் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லத் தோன்றியது.

நீலப் புள்ளி சட்டென்று மறைந்தது. அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் ஹெல்மெட்டோடு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், அவர்தான் வக்கீல். பின்னால், என் தங்கை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் நெட்டையன். குழுவின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி அறைக்குள் பார்த்தான்.

"நீங்களா அக்கா எழுதினது?" என்றான். அவன் முகத்தில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா தெரியவில்லை.

"நாலு நாளா இவன் சாப்பிடலைங்க," என்றார் வக்கீல். "செத்தவ படிக்கறாங்கறான். இல்ல எவனோ கணக்கைத் திருடிட்டாங்கறான். ஆள் போனா ஒரு வாரத்துல கணக்கைப் பூட்டணும், அதுதான் விதி. இந்த மகராசன் பூட்டல."

"'நீக்கு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு மேடம்," என்றான் அவன். "அவ பேருக்குப் பக்கத்துல. நீங்க அழுத்துவீங்களா?"

வக்கீல் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். "போகட்டும். கூடப் பொறந்தவங்கதானே. லேப்டாப்பை வேற யாரும் தொடலையே? தொடலைன்னா அவ எழுதினதையெல்லாம் உங்களுக்கு ஒரு பிரதி போட்டுத் தர்றோம். வச்சுக்கோங்க."

"தொட்டிருந்தா?"

"அந்தக் கோப்பையே அழிக்கணும். எங்கெங்க பிரதி இருக்கோ அத்தனையும்."

"பாஸ்வேர்டை மாத்தினா போதாதா?"

"கள்ளச்சாவி எத்தனை போட்டிருக்காங்கன்னு தெரியாதப்ப பூட்டை மாத்தி என்ன பிரயோஜனம்? உள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கணும். யார் வந்து கெஞ்சினாலும் அழிச்சிடணும்னு விதி எழுதினதே உங்க தங்கச்சிதான்."

ரிப்பேர்க்காரரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நல்ல மனிதர். உட்கார ஸ்டூல் போட்டவர். அவர் எதையும் பார்த்திருக்க மாட்டார், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் குரல் என் வீட்டில் இருக்கும். நூற்றில் மிச்சமிருந்த அந்த ஒரு பங்கில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்கள் அவளிடம் சொன்னார்கள், என்னிடம் அல்ல.

"ரிப்பேருக்குக் குடுத்தேன்," என்றேன். "ரெண்டு நாள் அங்க இருந்துச்சு. பாஸ்வேர்டையும் எழுதிக் குடுத்தேன்."

வக்கீல் என் தங்கையின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்த மூணு பேருக்கும் மொதல்ல போன் பண்ணிச் சொல்லணும்," என்றான் ஒட்டடைக்குச்சி. "அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் படிங்க அக்கா. போட்டோ எடுக்காதீங்க."

கூடத்தில் அவன் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். ஒருத்தி அழுதிருப்பாள் போல. "இல்லம்மா, உங்க மேல தப்பில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தாகத்தில் தண்ணீர் குடிப்பதுபோலப் படித்தேன். பாதி வாயில் போனது, பாதி சட்டையில் சிந்தியது. பச்சைப் புள்ளி பக்கம் பக்கமாக ஓடியது. கடைசிப் பக்கத்துக்கு மூன்று பக்கம் இருக்கும்போது அவன் வந்து நின்றான்.

தரையில் மண்டியிட்டு, கோப்பை அழிக்கும் பொத்தான் வரைக்கும் அம்புக்குறியைக் கொண்டுபோனான். கையை எடுத்துவிட்டான். "எனக்கு வரல அக்கா."

நான் அழுத்தினேன்.

அன்று ராத்திரி முதல் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பெண்களுடையதை விட்டுவிட்டு, அவளுடைய கேலிகளை மட்டும். பதினேழு தேறியிருக்கிறது. அதில் ஒன்று: 'அவசரப்படாதே. கொஞ்சம் நில். இந்த வரிக்குள் ஒருவர் இருக்கிறார்.' அவள் எழுதியதா, படிக்கும்போது நான் நினைத்துக்கொண்டதா என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் ஒட்டடைக்குச்சி வந்தபோது படித்துக் காட்டினேன்.

அவன் அந்த வரியை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "அவ எழுதினதுதான் அக்கா. நான் படிச்சிருக்கேன்."

"நிச்சயமாவா?"

"நீங்க இப்பச் சொன்னீங்கல்ல," என்றான். "சொன்னதுலேருந்து, படிச்ச மாதிரிதான் இருக்கு."