நாம இஸ்திரி போட்டாச்சு

அட்வான்ஸ்டு இங்கிலீஷ் வகுப்பில் எனக்கு இடம் கிடைத்த செய்தியை அப்பா கீழ்வீட்டுக்காரரிடம் இப்படித்தான் சொன்னார்: “நாம சேந்துட்டோம் சார்!”

பக்கத்தில் நின்ற எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நாமளா? பரீட்சை எழுதினது நான். நடுவுல நீங்க எங்கேருந்து வந்தீங்க?”

“சரிம்மா, நாம எழுதினோம், பேனாவை மட்டும் நீ பிடிச்சே,” என்றார் அப்பா. கீழ்வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டைத் தன்னந்தனியாக இறக்கி, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே விட்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும், “இன்னைக்கு நாம ஒரு குடும்பத்தையே மீட்டுட்டோம்” என்பார். தம்பியைப் பார்த்து “நாம எப்போ பல்லு விளக்கப் போறோம்?” என்று கேட்டால், விளக்க வேண்டியது தம்பி மட்டும்தான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மனிதர் அடுத்தவரிடம் வேலையும் வாங்குவார், தான் செய்த வேலைக்குக் கூட்டாளியும் சேர்ப்பார். எங்களுக்கு அது பழகிவிட்டது. சுவர்க்கடிகாரச் சத்தத்தை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

சேர்ந்துவிட்டோம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டாரே தவிர, விஷயம் முழுசாக முடிந்திருக்கவில்லை. முதல் கட்டுரையைப் பார்த்த பிறகுதான் யார் வகுப்பில் இருப்பது, யார் பழைய வகுப்புக்கே திரும்புவது என்று முடிவாகும். திரும்பிப் போனால் மானம் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், முதல் நாளே எனக்கு அந்த அறை பிடித்துப்போனது.

மாடி நடையின் கோடியில் இருக்கிறது அந்த அறை. வகுப்பு என்றால் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து உட்காருவதுதான் எனக்குத் தெரியும். இங்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒளிந்துகொள்ள ஒரு முதுகுகூடக் கிடையாது. டீச்சருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வொய் மிஸ்’. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். வணக்கம் சொன்னால்கூடக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினார். ஒருவன் வீட்டுக்கு வருகிறான், கதவு திறந்திருக்கிறது. அவ்வளவுதான். இதைப் படித்தால் ஏன் பயமாக இருக்கிறது என்று கேட்டார். திருடன் என்றான் ஒருவன். மறதி என்றாள் ஒருத்தி. பழைய வகுப்பாக இருந்தால் இதற்குள் பாடமே முடிந்து, பலகையிலிருந்த விடையை நாங்கள் எழுதி முடித்திருப்போம். இங்கே மணி அடிக்கும்வரை ஒரு கதவைப் பற்றியே சண்டை. நான் தட்டுத்தடுமாறி, “யார் திறந்தாங்கன்னு அதுல இல்லை மிஸ். அதனாலதான் பயமா இருக்கு” என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. வொய் மிஸ் என்னையே பார்த்து, “ம், மேலே சொல்லு” என்றார்.

பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் மேலே சொல்லச் சொன்னதில்லை. போதும், உட்கார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வரும்போது கால் தரையிலேயே படவில்லை. இந்த அறையை விட்டு என்னை அனுப்பிவிடக் கூடாது என்று பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

கட்டுரைக்குத் தலைப்பு ‘வீட்டில் ஒரு காலை’. அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிஃப்ட். நாங்கள் எழுவதற்குள் போய்விடுவார். அதற்குப் பிறகு அப்பா, நான், தம்பி மூவரும் அடித்துப் பிடித்துக் கிளம்பும் கூத்தை எழுதினேன். அகராதியைப் புரட்டி நல்ல நல்ல சொற்களாகப் பொறுக்கிப் போட்டிருந்தேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

தாள் திரும்பி வந்தபோது அம்மை போட்டது போல இருந்தது. ‘நாங்கள்’ என்பதற்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு ‘வீ’யையும் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘யார்?’ என்று ஒரே கேள்வி. கடைசியில், வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி எழுது, அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஒரு வரி.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இவருக்கு எதற்கு? இலக்கணப் புத்தகத்தில் ‘வீ’ எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தேடினேன். ஒரு தப்பும் தட்டுப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரி என் தாளை எட்டிப் பார்த்தாள்.

“கிராமரெல்லாம் சரியாத்தான் இருக்கு. மிஸ் நிஜமாவே யாருன்னு கேக்கறாங்க.”

“யாருன்னா? நாங்கதான். எங்க வீட்ல.”

“எங்க வீட்லன்னா யாரு? எனக்கும் புரியலையே,” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தேன். தமிழில் சொல்வதானால் அது இப்படி இருந்தது: ‘எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுவிடுகிறோம்.’

படித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டேன். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த நாங்கள் எங்கேயிருந்து வந்தார்கள்? பேயா வந்து இஸ்திரி போடுகிறது?

அதை ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தேன். தினமும் காலையில் அப்பா என் போர்வையை இழுத்துவிட்டுச் சொல்வது அதுதான்: “எழுந்திரு, நாம இஸ்திரி போட்டாச்சு.” அவர் சொன்னதை நான் அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். அடுத்த வரி, முட்டை அவிக்கிறோம். யார்? அப்பா. அடுத்தது, தம்பியின் காணாமல் போன காலுறையைத் தேடுகிறோம். யார்? அப்பாதான், லிஃப்ட் குழிக்குள் இறங்கக் கொண்டுபோகும் டார்ச்சை அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில். தண்ணீர் பாட்டில் நிரப்புகிறோம், ஷூ துடைக்கிறோம், அப்பா, அப்பா. தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘வீ’. அப்பாவின் ‘நாம’ எதிலும் அடங்காத தனி ரகம். இந்தக் கட்டுரையில் அதற்குள் இருப்பது அவர் ஒருவர்தான்.

என் பங்குக்கு அந்தக் கட்டுரையில் இருந்தது இரண்டே வேலை. எழுந்தது, சலித்துக்கொண்டது.

மறுநாள் அலாரம் வைத்து எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா மேஜை மேல் பழைய போர்வையை விரித்து என் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் நீவி, கலையாமலிருக்கக் கீழ்முனையில் துணி கிளிப் மாட்டி, தண்ணீர் தெளித்து, மெதுவாகப் பெட்டியை ஓட்டினார். நாள் முழுக்க கிரீஸில் கிடக்கிற கை. என் பாவாடையில் ஒரு நாளும் கறை பட்டதில்லை. அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். “என்ன, நாம இன்னைக்கு சீக்கிரம் எழுந்துட்டோம்?”

“தண்ணி குடிக்க வந்தேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

அன்று சாயங்காலமே கட்டுரையைத் திருத்தினேன். ‘வீ’ இருந்த இடத்திலெல்லாம் அப்பா வந்தார். அகராதிச் சொற்கள் தாமாகவே கழன்று விழுந்தன. ஒரே ஒரு ‘வீ’யை மட்டும் கடைசி வரியில் விட்டுவைத்தேன். மூவரும் ஒன்றாக லிஃப்டில் இறங்குகிறோம். தினமும் நடப்பது அது. அப்பா கதவில் காதை வைத்து மோட்டார் சத்தம் கேட்பார், நானும் தம்பியும் அவருக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அதில் நிஜமாகவே மூன்று பேர் இருந்தோம்.

அப்பாவுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அப்பா இஸ்திரி போடுகிறார், அப்பா முட்டை அவிக்கிறார் என்று வரவர, அவர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார்.

“என்னம்மா இது, வரிக்கு வரி அப்பா, அப்பான்னு? படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? பொதுவா நாமன்னு போட்டுட்டுப் போயேன்.”

“அப்படிப் போட்டதாலதாம்ப்பா வட்டம் வட்டமா வாங்கிட்டு வந்தேன்.”

“அந்த மிஸ்ஸுக்கு வேற வேலை இல்லையா?” என்றார். ஆனால் போகும்போது கதவருகில் நின்று, “காலுறை விஷயத்தை இன்னொரு தடவை படி” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கொடுத்த தாள் திங்கட்கிழமை கைக்கு வந்தது. வட்டமே இல்லை. கடைசி வரியில் இருந்த ‘வீ’க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன டிக். அதற்குக் கீழே, ‘இந்த நாற்காலி உன்னுடையது.’ நான் அதை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. கண்ணாடிக்காரிதான் என் முழங்கையை இடித்து, “போதும், எழுத்து தேஞ்சுடப் போகுது” என்றாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் போய் நன்றி சொன்னேன். எதிர்பார்த்தது போலவே, “ஏன்?” என்றார்.

“யாருன்னு கேட்டதுக்கு, மிஸ்.”

அவர் அதற்கு மேல் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. சிரித்தார்.

வீட்டில் அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா அப்போதுதான் மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

“அப்பா, நாம இருக்கோம்ப்பா. வகுப்பிலேயே இருக்கோம்.”

ஷூ நாடாவில் இருந்த அவர் கை நின்றது. கேலியாக ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

“இல்லம்மா,” என்றார் மெதுவாக. “நீ இருக்கே. நீதான் எழுதினே.”

அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு ‘நீ’யை நான் கேட்டதே இல்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்ல விஷயம்தானே, எதுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?” என்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது.

“சரி, நாம இப்போ பாத்திரம் கழுவிடலாமா?”

இந்த ‘நாம’ யார் என்று யாரும் வட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன். தம்பியின் பால் டம்ளர் முதல் அடிப்பிடித்த வாணலி வரை தனியாகவே தேய்த்துக் கவிழ்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, கூடம்வரை கேட்கும்படி கத்தினேன்:

“அப்பா, நாம கழுவியாச்சு!”