பாமன்கடை வளைவில் மூன்றாவது கியர்

தர்ஷன் சாவியை முறுக்கினான். கார் ஒருமுறை முன்னால் துள்ளி நின்றது. மறுபடி முறுக்கினான், மறுபடி துள்ளியது. ஒழுங்கைக்கு வெளியே புஷ்பராஜின் உடலைச் சுமந்து வந்த மலர்ச்சாலை வான் உள்ளே நுழைய வழியில்லாமல் காலி வீதியில் நிற்க, அதன் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் ஒன்று வெள்ளவத்தை முழுவதற்கும் காது செவிடாகும்படி ஹோர்ன் அடித்தது.

“மாமி, இது கியர் கார். எனக்கு ஓட்டோமெற்றிக்தான் பழக்கம்,” என்றான் ஜன்னலால் தலையை நீட்டி.

ரதி படியிறங்கி வந்தாள். எழுபது வயது. தம்பியின் செத்தவீட்டில் அக்கா கார் எடுக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த பஸ்காரன் அதைப் படித்திருக்கவில்லை. ஒரே வெட்டில் ரிவேர்ஸ் எடுத்து, மதிலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே தபாலட்டை நுழையாத இடைவெளியில் சிவப்பு ஸ்விஃப்டைச் சொருகிவிட்டு இறங்கினாள். சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

“பின்னேரம் பௌஸி நானா வருவார், காரைத் திருப்பிக் கொண்டுபோக. நான் கதைச்சிட்டன்,” என்றான் தர்ஷன் தணிந்த குரலில். இளைய தம்பியின் மகன், கொள்ளி வைக்கப்போகிறவன். “பெரியப்பாவும் இல்லை. இந்த வயசில உங்களுக்கு ஏன் மாமி ஸ்போர்ட்ஸ் கார்?”

ரதி முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள்.

புஷ்பராஜ் மருதானை ஸ்டேஷனில் சிக்னல் போட்டே தலை நரைத்தவன். “ரயில் தண்டவாளம் சொல்லுற பக்கந்தான் வளையும், அக்கா. நான் சொல்லுற பக்கம் வளையிற சாமான் ஒண்டு சாகமுதல் எனக்கு வேணும்,” என்பான். வேண்டியது கிடைக்கும் வயதில் முழங்கால்கள் இரண்டும் கிளட்ச் மிதிக்க மறுத்துவிட்டன. ஆகவே அவன் தெரிவுசெய்வது, பழைய மொறிஸ் மைனரில் கை பழகிய ரதி ஓட்டுவது என்று ஒப்பந்தமாயிற்று.

கொழும்பில் விலைக்கு நின்ற சின்னக் கார்களில் பாதியையாவது ஓடிப் பார்த்திருப்பார்கள். ஒன்று அவனுக்குத் தோசைமாவைப் போல ஆடியது. இன்னொன்றில், “பாமன்கடையில ஸ்டியரிங்கைத் திருப்பினா கிருலப்பனையிலதான் வேலை செய்யுது,” என்றான். போகிற இடமெல்லாம் குனிய முடியாமல் குனிந்து டயரைத் தடவுவான். உள்விளிம்பு தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பிழை. வெளிவிளிம்பு தேய்ந்திருந்தால் முன்னைய சொந்தக்காரன் வாழ்க்கையை அனுபவித்தவன். தரகர் பௌஸி கொண்டுவந்த இந்தச் சிவப்புக் காரில் வெளிவிளிம்பு மொட்டையாக இருந்தது. “இதுதான்,” என்றான் புஷ்பராஜ். பௌஸி புது டயர் போட்டுத் தருவதாகச் சொன்னதற்கு, ஏதோ ஒரு நல்ல மனிதனை அவமதித்துவிட்டதுபோல முகத்தைச் சுழித்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பாமன்கடை வளைவு. ஒவ்வொரு பின்னேரமும் நடு வளைவில் ரதி பயந்து பிரேக் பிடிப்பாள்.

“உள்ளுக்க போய்ப் பிடியாதை அக்கா. முதல்லயே பிடி, மூண்டைப் போடு, பிறகு நம்பு.”

“ஆரை?”

“காரைத்தான். என்னை நம்பி ஆர் உருப்பட்டது?”

முந்தநாளும் பிடித்தாள். “நாளைக்குச் சரிவரும்,” என்றான். நேற்று விடிய, தேத்தண்ணிக்கு எழுப்பப் போனபோது அவன் எழும்பவில்லை.

கிரியைகள் முடிந்து, வாய்க்கரிசி போட்டு, பெட்டி ஒழுங்கையை விட்டு வெளியேறியது. பெண்கள் வழமைபோல வீதி முடக்குவரை அழுதுகொண்டு போய் நின்றார்கள். வானும் ஆண்களை ஏற்றிய வாடகை பஸ்ஸும் திரும்பி மறைந்தன. அதற்காகவே காத்திருந்ததுபோல மழை கொட்டியது.

வீடு கழுவ வாளியோடு திரும்பியபோது குளியலறைக் கதவு திறந்தது. சாவதானமாகக் கால் கழுவிய குருக்கள் வெளியே வந்தார். வெள்ளவத்தையிலேயே மிகப் பெரிய குருக்கள். கதவு நிலை அவரைக் கண்டு கொஞ்சம் அகன்றது.

“எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?” என்றார்.

வானில் போனவர்கள் குருக்கள் பஸ்ஸில் என்று நினைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போனவர்கள் வானில் என்று. தர்ஷனுக்குப் போன் அடித்தார்கள், அது வீட்டு பிரிட்ஜின் மேலிருந்து பாடியது. மழை பெய்தால் கொழும்பின் முச்சக்கர வண்டிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, மோட்டார் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு பௌஸி வந்தார்.

“நான் கொண்டு போறேன், மிஸ். சாவியத் தாங்க,” என்று கையை நீட்டினார்.

ரதி தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். நீட்டிய கையைத் தாண்டிப் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

“ரதியக்கா! பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்ல!” என்று கத்தினாள் பக்கத்து பிளாட் நிஷாந்தினி.

“நான் சுடலைக்குப் போகேல்லப் பிள்ளை. ஐயாவை இறக்கப் போறன்.”

குருக்கள் முன்கதவில் கை வைத்தார். அந்த சீற் பின்னால் தள்ளிச் சாய்ந்தபடி கிடந்தது. மடங்காத முழங்கால்களுக்கு இடம் வேண்டும் என்று புஷ்பராஜ் தள்ளி வைத்தது.

“ஐயா, நீங்கள் பின்னுக்கு.”

பின்சீற்றின் முக்கால்வாசியைக் குருக்கள் எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் பௌஸி தன்னை மடித்துச் செருகினார்.

கார் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் ஏறியதும் குருக்கள் தேவாரம் தொடங்கினார். உயிரோடிருப்பவர்களுக்காக அவர் இவ்வளவு உருகிப் பாடியது அன்றுதான். வைப்பர் தண்ணீரை அள்ளி அள்ளி எறிந்தது. பாமன்கடை வளைவு தெரிந்தது. ரதி முன்னதாகவே பிரேக்கை அழுத்தினாள். மூன்றாவது கியர். பிறகு காலை பிரேக்கிலிருந்து எடுத்து அக்சிலரேட்டரில் மெல்ல வைத்தாள்.

கார் வீதியோடு ஒட்டிக்கொண்டு, கோலம் போடுகிறவள் கையெடுக்காமல் இழுத்த கோடுபோல வளைந்து வெளியே வந்தது. பின்னால் தேவாரம் அரை வரியில் நின்றது.

ரதி இடப்பக்கச் சீற்றைப் பார்த்தாள்.

“யா அல்லாஹ்,” என்றார் பௌஸி. “இத யாரு மிஸ் உங்களுக்குப் படிச்சுத் தந்த?”

அவள் நான்காவது கியரைப் போட்டாள்.

கனத்தை மயான வாசலில் ஆண்கள் மழைக்கு ஒதுங்கி, ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். குருக்கள் இறங்கியதும் கார் ஒரு சாண் உயர்ந்தது. ரதி இறங்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, சூடான பொனற்றில் விழுந்த துளிகள் ஆவியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மணி கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மழை தணிந்தபோது தர்ஷன் வந்தான், ஈர வேட்டியோடு.

“மாமி... நீங்களோ கொண்டந்தனீங்கள்?”

“வேற யாரு?” என்றார் பௌஸி உள்ளிருந்து.

தர்ஷன் முன்கதவைத் திறந்தான். சாய்ந்து கிடந்த சீற்றை நிமிர்த்த நெம்புகோலைத் தேடிக் கையை விட்டான். ரதி திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கையை எடுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, திரும்பி வந்து அமர்ந்திருந்த குருக்களுக்கும் பௌஸிக்கும் இடையில் பின்னால் ஏறினான்.

“பௌஸி நானா, அந்தக் கார் விசயம்...”

“அது பொறகு பாப்பம் தம்பி. இப்ப பெல்ட்டப் போடுங்க.”

பின்சீற்றில் மூன்று ஆண்கள் தோளோடு தோள் நெருங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்னால் ஒரு சீற் காலியாக, நன்றாகச் சாய்ந்து, கால் நீட்ட இடத்தோடு இருந்தது. ரதி கண்ணாடியைச் சரிசெய்து, பாமன்கடைப் பக்கம் காரைத் திருப்பினாள்.