எட்டு வாரம் அந்தப் பக்கம்

மாட்டையும் பன்னாட்டு உறவுகளையும் சேர்த்துப் படிக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. "உங்க மாடு எந்த நாட்டுத் தூதரு?" என்று விடுதியில் கூட இருந்தவள் நாலு வருஷமும் கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளைத் தனியாகப் படிக்க முடியாது. இன்னொரு முதன்மைப் பாடத்தின் தோளில் ஏறிக்கொண்டுதான் அது வரும். இரட்டைப் பட்டம் என்பார்கள். நான் பால்பண்ணைக்காரர் மகள். எனக்குத் தெரிந்தது மாடு. அதனால் மாடு.

என் பெயர் மரியேல் தெரோஷே. வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் எங்கள் பண்ணை. வாசலுக்கு முன்னால் ஒரு மண் சாலை, அதன் நடுவில்தான் அமெரிக்கா முடிகிறது. சாலைக்கு எதிர்ப்புறம் பெரியப்பா ரெயாலின் பண்ணை, அது கியூபெக். தாத்தா போனபோது அண்ணனுக்கு வடக்குப் பாதி, தம்பிக்குத் தெற்குப் பாதி என்று பிரித்ததில் ஆளுக்கொரு நாடு வந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் பேசுவது பிரெஞ்சுதான். எங்கள் வீட்டில் பெரியப்பா வீட்டுக்குப் பெயர் "அந்தப் பக்கம்". அவர் வீட்டில் எங்கள் வீட்டுக்குப் பெயரும் அதுவே. "அந்தப் பக்கம் பட்டாணி சூப் மணக்குது" என்று அப்பா சொன்னால், அன்றைக்குப் பெரியம்மா சமையல் பிரமாதம் என்று அர்த்தம்.

ஒரே புல், ஒரே மழை, ஒரே ஜாதி மாடு. ஆனால் பெரியப்பா அவர் நாட்டு அரசு விதித்த அளவுக்குமேல் பால் கறந்தால் குற்றம். எங்கள் அப்பா எவ்வளவு கறந்தாலும் விலை கிடையாது. ஏன் இப்படி என்று சின்ன வயதில் கேட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து கெட்ட வார்த்தை சொன்னார்களே தவிர பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தப் படிப்பில் வந்து விழுந்தேன். இரண்டு நாட்டுப் பால் வியாபாரப் பேச்சுவார்த்தையைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரட்டைப் பட்டம் கையில் இருந்தால் மட்டும்.

பாடங்களை எல்லாம் முடித்துவிட்டேன். அந்நிய மொழித் தேர்வையும் முக்கி முனகித் தாண்டினேன். முக்கி முனகி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிரெஞ்சு நடத்தியது பேராசிரியர் சோலேன் கெர்ழான். அசல் பிரான்ஸ்காரி. நான் காரை "ஷார்" என்றால், சூப்பில் ஈ விழுந்த மாதிரி முகம் போகும். "அது வண்டியில்ல, ரதம். நீங்க பேசுறது பதினேழாம் நூற்றாண்டு" என்பாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரதத்தையே அவள்மேல் ஏற்றியிருப்பேன்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. எட்டு வாரமாவது வெளிநாட்டில் தங்க வேண்டும். கூடப் படித்தவர்கள் லியோன், டாக்கர் என்று பிரெஞ்சு பேசும் தூர ஊர்களுக்குப் போனார்கள். நானும் போவதாகத்தான் இருந்தது. அந்தக் கோடையில் பெரியப்பா வைக்கோல் பரணிலிருந்து விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மாடு லீவு கொடுக்குமா? கோடை முழுக்க அந்த வீட்டிலேயே தங்கி நான்தான் கறந்தேன். எட்டு வாரத்துக்கு மேலேயே ஆயிற்று. திரும்பி வந்து, இதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று துறைக்கு மனுப் போட்டேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்கு அந்தப்புறம் துறைத் தலைவர் ஹாலோவெல். பக்கத்தில், என் போறாத காலம், கெர்ழான்.

"நீங்க தங்கினது உங்க பெரியப்பா வீடு. சரியா?" என்றார் ஹாலோவெல்.

"ஆமா சார்."

"அங்கேருந்து உங்க சொந்த வீடு எவ்வளவு தூரம்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "கூப்பிடு தூரம் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பழக்கமில்லாத இடத்துல போய்த் திண்டாடணும்மா. அதுக்குத்தான் இந்த விதி. உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும். மொழியும் உங்க வீட்டு மொழி. எதிர்வீட்டுக்குப் போறதை வெளிநாட்டுப் பயணம்னு எழுதினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க இல்லியா?"

சுர்ரென்று ஏறியது எனக்கு. "சார், அந்தச் சாலையில கால் வெச்சா கேமரா புடிக்கும். அபராதம் போடுவாங்க. எதிர்வீடுதான், ஆனா போகணும்னா சோதனைச் சாவடி வழியா முக்கால் மணி நேரம் சுத்தணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதை. அது வெளிநாடு இல்லைன்னா வேற எதுதான் சார் வெளிநாடு?"

"சட்டப்படி வெளிநாடுதான். யாரு இல்லைன்னா? நான் கேக்கிறது அனுபவத்தை."

அதுவரை வாய் திறக்காத கெர்ழான் பிரெஞ்சில் சொன்னாள்: "அந்தக் கோடையில நடந்த ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. பிரெஞ்சுல. உங்க பிரெஞ்சாவே இருக்கட்டும், பரவாயில்லை."

பரவாயில்லையாமே! எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. புல் நனைந்த நாளைத்தான் சொன்னேன்.

"ஜூலை மாசம். நான் தொழுவத்துல இருக்கேன். மேற்கே கருத்துக்கிட்டு வருது. நிமிர்ந்து பாக்கறேன், அந்தப் பக்கம் அறுத்துப் போட்ட புல்லு வயல் பூரா காய்ஞ்சு கிடக்கு. எங்கப்பா ஒத்தை ஆளா கட்டுகளைத் தூக்கி வண்டியில ஏத்துறாரு. எனக்குப் பொறுக்கல. சாலை வரைக்கும் ஓடிட்டேன். பெரியப்பா பின்னாடியே கத்துறாரு, 'ஏய் புள்ள, நில்லு! கேமரா! மொதல்ல போய்ப் பதிவு பண்ணு!' சரின்னு ஷாரை எடுத்துக்கிட்டு சாவடிக்குப் போனேன். அங்க ஒருத்தன் சாவகாசமா, 'எங்கேருந்து வர்றே? எதுக்குப் போறே? பால், கறி ஏதாவது வெச்சிருக்கியா?'ன்னு கேக்கறான். வீட்டுக்குப் போறேன்யா, மழை வருதுங்கறேன். யார் வீடுங்கறான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கொட்டித் தீர்த்துடுச்சு. அந்தப் பக்கம் புல்லு அத்தனையும் நனைஞ்சு போச்சு. அப்பா டிராக்டர் மேல நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. 'ஏண்டி, நீ தொழுவத்துல நின்னது எனக்குத் தெரிஞ்சுதே, ஏன் வரலை?'ங்கறாரு. வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்! சாயங்காலம் கறக்கணுமேன்னு திரும்பிப் போயிட்டேன்."

ஹாலோவெலுக்குப் பிரெஞ்சு பாதிதான் புரிந்திருக்கும். என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கெர்ழான் கேட்டாள்: "அந்தப் பக்கம் புல்லு நனைஞ்சுதுன்னு சொன்னீங்க. எந்தப் பக்கம்?"

"எங்க வீட்டுப் பக்கம் மேடம்."

"எந்த நாடு?"

"அமெரிக்கா."

"இப்ப நீங்க எந்த நாட்டுல உக்காந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் என்றால் எனக்குக் கியூபெக்தான். எப்போது திரும்பிக்கொண்டது? நான் கவனிக்கவே இல்லை.

அவள் ஹாலோவெல் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்தப் பொண்ணு தன் சொந்த வீட்டை வெளியே நின்னு பாத்துப் பேசுது. நாம லியோனுக்கு அனுப்பினதுகள்ல பாதி, அங்க போயும் நம்ம ஊர்ப் பசங்களோட பீட்சா தின்னுட்டு வந்துதுங்க. எனக்கு இது போதும்."

ஹாலோவெல் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். வாசலில் கெர்ழான் என்னை நிறுத்தினாள். நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். "ஷார் இல்லை, வுவாத்யூர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறவிக் குணம் போகுமா!

அன்றைக்கே காரை விரட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மாலைக் கறவை நேரம். தொழுவத்தில் அப்பா மட்டும்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு, "அடி சக்கை! மாட்டுக்கு ஒண்ணு, நாட்டுக்கு ஒண்ணா!" என்று கத்தினார். மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"அந்தப் பிரெஞ்சுக்காரி உன்னைக் கடிச்சுத் துப்பிடுவான்னு சொன்னியே, எப்படி ஒத்துக்கிட்டா?"

நான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். மேஜை, ஹாலோவெலின் கண்ணாடி, ஷார், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அந்த இடமும் வந்தது. நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அப்பா மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "எதை அந்தப் பக்கம்னு சொன்னே?"

"நம்ம வீட்டைத்தாம்பா. வாய் தவறி வந்துடுச்சு."

அவர் மடியை மறுபடி துடைத்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே. "அப்ப நிஜமாவே போயிட்டுத்தான் வந்திருக்கே" என்றார். பிறகு மெதுவாக, "வந்துட்டியா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை எந்த ஊரில் என்று அவருக்குத் தெரியும். ஒட்டாவாவில், பெரியப்பா நாட்டுத் தலைநகரில். ஆமாம் வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! பொய் சொல்லத்தான் வரவில்லை.

அதற்குள் சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பெரியப்பா அப்பாவைக் கூப்பிடும் குரல் வந்தது. என் கார் வந்ததைப் பார்த்துவிட்டு எல்லைக்கல் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "நொர்மான்! என்னடா ஆச்சு? புள்ளைக்குக் குடுத்துட்டாங்களா?"

அப்பா தொழுவ வாசலுக்குப் போய்க் கைகளை வாயருகே குவித்துக்கொண்டார்.

"குடுத்துட்டாங்கண்ணே! அந்தப் பக்கத்துப் பொண்ணு பாஸாயிடுச்சு!"

பெரியப்பா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அப்பாவும் கையை ஆட்டினார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார்.